லோடு ஏறுது அண்ணாச்சி

யோகேஸ்வரிக்குக் கை சும்மா இருக்காது. ஆளில்லாத அறையில் பேன் சுற்றுவதைப் பார்த்துவிட்டால் போதும், தொண்டையில் மீன் முள் சிக்கிய மாதிரி ஆகிவிடும். எழுந்து போய் அதை நிறுத்திவிட்டு வந்தால்தான் அடுத்த வாய்ச் சோறு இறங்கும். யார் வீடு, யார் கடை, யார் வீட்டு விசேஷம் என்றெல்லாம் அந்தக் கை பார்ப்பதில்லை.

விருதுநகரில் ஒரு சொந்தக்காரர் கல்யாணம். மண்டபத்து மாடியில் ஓர் அறையில் விளக்கும் ஏசியும் கேட்பாரில்லாமல் ஓடிக்கொண்டிருந்தன. இவள் பாட்டுக்கு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, கதவையும் சாத்திவிட்டுப் பந்திக்குப் போய்விட்டாள். உள்ளே குளியலறையில் மாப்பிள்ளையின் தாய்மாமன் முகமெல்லாம் சோப்போடு நின்றுகொண்டிருந்தார். கரண்டு போய்விட்டது, இப்போது ஜெனரேட்டர் போட்டுவிடுவார்கள் என்று மனிதர் இருட்டுக்குள்ளேயே பொறுமையாகக் காத்திருக்க, கீழே தாய்மாமனைக் காணோம் என்று மைக்கில் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். அன்றிலிருந்து அவள் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால், "யோகேசு வந்துட்டா, உள்ள இருக்குறவுக சத்தம் குடுங்க" என்று யாராவது ஒருவர் சொல்லாமல் இருப்பதில்லை.

இதை ஊர் முழுக்கப் பரப்பியது அவள் புருஷன் காளிராஜ்தான். அவன் ஆனைக்குட்டம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கிறான். அங்கே வெடிமருந்து அறைகளில் விளக்கு கிடையாது, பேன் கிடையாது, சுவிட்ச் என்ற பேச்சே கிடையாது. வெளிச்சம் இருக்கிற வரைக்கும் வேலை, அவ்வளவுதான். "நீ எங்க கம்பெனிக்கு வந்தா ஒனக்குக் கிறுக்குப் பிடிச்சிரும். அமத்துறதுக்கு ஒண்ணுமே இருக்காது" என்பான்.

அந்த ஊர்ப் பக்கத்தில் விளக்கை அணை என்று யாரும் சொல்வதில்லை. அது வாயில் வரக்கூடாத சொல். அமத்து என்பார்கள். விளக்குக்கு வந்த மரியாதை பேனுக்கும் டி.வி.க்கும் கம்ப்யூட்டருக்கும் சேர்ந்தே வந்துவிட்டது. ஆபீசில் டிசைன் போடுகிற முஹ்சின் இவளுக்கு வைத்த பெயர் அமத்தக்கா. வைத்த பெயர் நிலைத்துவிட்டது. லாரி டிரைவர்கள்கூட "அமத்தக்கா, பில்லு போட்டாச்சா?" என்றுதான் கேட்பார்கள்.

ஆபீஸ் என்றால் சிவகாசியிலிருந்து ஆமத்தூர் போகும் ரோட்டில் லட்சுமிகாந்தம் அண்ணாச்சி நடத்தும் பெட்டிக் கம்பெனி. பட்டாசு அடைக்கிற அட்டைப் பெட்டிகளை அச்சடித்து, மடித்து, ஒட்டி அனுப்புவது தொழில். ஆமத்தூர்க்காரியான யோகேஸ்வரி கல்யாணம் முடிந்த கையோடு இங்கே பெட்டி ஒட்டத்தான் வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து ஒட்டியவள் வீரலட்சுமி. இருவருக்கும் ஒரே பசைச் சட்டி. சாயங்காலம் கம்ப்யூட்டர் படிக்க யோகேஸ்வரி சீக்கிரம் கிளம்பியாக வேண்டிய நாளில், அவள் பங்குப் பெட்டிகளையும் வீரலட்சுமியே ஒட்டி அடுக்கிவைப்பாள். ஒரு நாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. அப்படிப் படித்துத்தான் யோகேஸ்வரி ஷெட்டிலிருந்து ஆபீசுக்கு ஏறி, பில் போடுகிற நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அந்த நாற்காலியிலிருந்து பார்த்தால் அவள் கண்ணில் படுவதெல்லாம் ஓடிக்கொண்டே இருக்கும். வரவேற்பறை டி.வி. நாற்காலிகளுக்குச் செய்தி வாசிக்கும். முஹ்சின் தொழுகைக்குப் போனால் அவன் கம்ப்யூட்டரில் மீன்கள் நீந்திக்கொண்டிருக்கும், ஏசி அந்த மீன்களுக்குக் குளிரூட்டிக்கொண்டிருக்கும். பெரிய கலர் பிரிண்டர் வாரத்தில் இரண்டு நாள்தான் வேலை செய்யும், ஆனால் எந்நேரமும் சூடாக முனகிக்கொண்டு நிற்கும். மாதிரிப் பெட்டிகள் வைத்த கண்ணாடி அலமாரிக்குள் வரிசையாக விளக்குகள். அண்ணாச்சி மதுரைக்குப் போனாலும் அவர் அறை ஏசி ஊரில் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

யோகேஸ்வரி எதையாவது நிறுத்தினால் அண்ணாச்சிக்குப் பொறுக்காது. "ஏத்தா, ஆபீசு இருட்டாக் கெடந்தா என்ன நெனைப்பாக? கம்பெனி படுத்திருச்சும்பாக. ஆர்டர் குடுக்க வந்தவன் வாசலோட திரும்பிருவான். பளிச்சுன்னு இருக்கட்டும்." அவர் பயம் அவருக்கு.

ஷெட்டில் கதையே வேறு. மேலே தகரம், கீழே இருபது பெண்கள், நடுவில் வைகாசி மாதத்து வெயில். சீலிங் பேன் போட்டால் ஒட்டாத அட்டையெல்லாம் பறந்து ரோட்டுக்குப் போய்விடும். அதனால் சுவரில் பதிக்கிற பெரிய எக்ஸாஸ்ட் பேன்தான் வேண்டும், சூட்டை வெளியே இழுத்துத் தள்ளுகிற மாதிரி என்று அவர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒருநாள் வீரலட்சுமி மடித்த பெட்டியைக் கையில் வைத்தபடியே மயங்கிச் சரிந்தாள். அண்ணாச்சி ஓடிவந்து தானே சோடா உடைத்துக் கொடுத்தார். கல்நெஞ்சக்காரர் இல்லை அவர். அந்த வாரமே இரண்டு பெரிய பேன்களை வாங்கி, குங்குமம் வைத்து, சுவரில் ஏற்றிவிட்டார்.

சூடம் காட்டி சுவிட்சைப் போட்டார்கள். பேன் நாலு சுற்று சுற்றியது. டப்பென்று டிரிப்பர் விழுந்து கரண்டு போனது. ஆபீசும் ஷெட்டும் சேர்ந்தே நின்றன, இரண்டுக்கும் ஒரே லைன். அச்சு மிஷினுக்கு மட்டும் தனி லைன். உள்ளேயிருந்து முஹ்சின் அலறினான். மத்தாப்புப் பெட்டிக்காகக் காலையிலிருந்து அவன் வரைந்துகொண்டிருந்த மயிலின் தோகை முழுக்கப் போய்விட்டது. திரும்பக் கம்ப்யூட்டரைப் போட்டபோது தோகையில்லாமல் ஒரு கோழிதான் நின்றது. மறுபடி போட்டார்கள், மறுபடி விழுந்தது. ஷெட் பேனைத் தொடவே கூடாது என்று உத்தரவாகிவிட்டது. குங்குமப் பொட்டோடு சுவரில் நின்ற அந்த இரண்டையும் பார்த்து, "சாமி படம் மாட்டிக் குடுத்துருக்காக, கும்பிட்டுக்கோங்க" என்றாள் வீரலட்சுமி. எல்லாரும் சிரித்தார்கள். யோகேஸ்வரியும் சிரித்தாள். அப்போதுதான் வீரலட்சுமி அவள் பக்கம் திரும்பி, "நீ போத்தா, போய் ஏசியில ஒக்காரு. இங்கன நின்னா கறுத்துருவ" என்றாள். கேலிதான். ஆனாலும் அது யோகேஸ்வரிக்குச் சுருக்கென்று தைத்தது. தன் பங்குப் பெட்டியை ஒட்டித் தந்தவளை வேக்காட்டில் விட்டுவிட்டு, தான் மட்டும் குளிர்ந்த அறைக்கு வந்துவிட்டோமே என்று அன்றைக்கு முழுக்க அவளுக்கு மனசு ஆறவில்லை.

எலக்ட்ரீசியன் பீர் முகைதீன் வந்து பார்த்தார். கணக்குப் போட்டு நாளைக்குப் போனில் சொல்கிறேன் என்று போனார். அங்கேதான் வினை வந்தது.

அவரை ஊரில் எல்லாரும் மைதீன் என்றுதான் கூப்பிடுவார்கள். கம்பெனிக்கு லாரி பிடித்துக் கொடுக்கும் புரோக்கர் ஒருவர் உண்டு, அவரும் மைதீன்தான். மறுநாள் காலையில், சூர்யபிரகாஷ் என்ற இளம் பட்டாசு முதலாளிக்குப் போக வேண்டிய பெட்டிகளை ஏற்றிக்கொண்டு வாசலில் லாரி நின்றது. போன் அடித்தது. அச்சு மிஷின் சத்தத்துக்கு நடுவே அண்ணாச்சிதான் எடுத்தார்.

"அண்ணாச்சி, மைதீன் பேசுறேன். லோடு ரொம்ப ஜாஸ்தி. பாதியக் கொறைச்சாத்தான் தாங்கும்."

"என்னய்யா சொல்றீக! சீசன் நேரத்துல லோடைக் கொறைன்னா எப்பிடி?"

"வேற வழி இல்ல அண்ணாச்சி. இப்பிடியே ஓட விட்டா சூடாகிப் பத்திக்கிடும். இன்னைக்கே கொறைச்சிருங்க."

பத்திக்கிடும் என்ற வார்த்தையைச் சிவகாசியில் யாரும் இரண்டாம் முறை கேட்க மாட்டார்கள். அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடினார். கட்டிய கயிற்றை அவிழ்க்கச் சொல்லி, ஷெட்டுப் பெண்களையும் கூப்பிட்டு, லாரியில் பாதிப் பெட்டிகளை இறக்கிவிட்டார். வெறும் அட்டைப் பெட்டிக்கு என்ன பாரம், அது ஏன் சூடாகிறது என்று டிரைவர் கேட்டதற்கு, "மைதீனே சொல்லிட்டாரு, நீரு என்னய்யா பெரிய ஆளு?" என்று அவர் வாயை அடைத்தார். பாதி லோடோடு லாரி போனது.

மத்தியானம் பீர் முகைதீன் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். ஆபீசை எட்டிப் பார்த்தவர் முகம் மாறியது. "என்ன அண்ணாச்சி, லோடைக் கொறைக்கச் சொன்னேனே. ஏசி, டி.வி. எல்லாம் அம்புட்டும் அப்பிடியே ஓடுது?"

"கொறைச்சாச்சே! பாதியை எறக்கி அந்தா அடுக்கியிருக்கு பாருங்க" என்று அண்ணாச்சி வராந்தாவைக் காட்டினார்.

பீர் முகைதீன் பெட்டிகளைப் பார்த்தார். அண்ணாச்சியைப் பார்த்தார். "அண்ணாச்சி, நான் சொன்னது கரண்டு லோடு" என்றார் மெதுவாக.

முதலில் சிரித்தது யார் என்று இன்று வரைக்கும் தெரியாது. முஹ்சின் மேஜைக்குக் கீழே குனிந்துகொண்டான். ஷெட்டிலிருந்து வந்த சிரிப்பில் தகரமே அதிர்ந்தது. காலையில் வேகிற வெயிலில் பெட்டி சுமந்தவர்கள் அல்லவா, அவர்கள் சிரிப்பில் கொஞ்சம் காரமும் இருந்தது. அண்ணாச்சிக்குக் காது வரைக்கும் சிவந்துவிட்டது. "இனிமே இந்தக் கம்பெனியில லோடுங்கிற பேச்சை எவனும் என்கிட்ட எடுக்கப்படாது! அந்தப் பேனைக் கழட்டிக் குடோன்ல போடுங்க. அதுக வந்ததுல இருந்துதான் இம்புட்டுப் பாடும்" என்று கத்திவிட்டு அறைக்குள் போய்விட்டார்.

ஷெட்டில் சிரிப்பு அப்படியே நின்றது. வீரலட்சுமி பசைச் சட்டியைக் கிளறிக்கொண்டிருந்தாள். யோகேஸ்வரிக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. ஸ்கூட்டரைக் கிளப்பப்போன பீர் முகைதீனை மறித்து, "அண்ணே, பேனை ஓட வைக்க என்ன செய்யணும்?" என்று கேட்டாள்.

"கூடுதல் லோடு கேட்டு ஈ.பி.க்கு எழுதிப் போட்டுருக்கோம்மா, அது வர நாளாகும். அதுவரைக்கும் ஆபீசுல ஆளில்லாம ஓடுறதை அமத்தினாலே ரெண்டு பேனும் தாராளமா ஓடும். எல்லாம் ஒரே நேரத்துல ஓடப்படாது, அம்புட்டுதான்."

அவள் நேரே அண்ணாச்சி அறைக்குப் போனாள். அந்த வார்த்தையை மட்டும் சொல்லாமல், மற்ற எல்லாவற்றையும் சொன்னாள். அவர் நாளிதழிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டார். கடைசியில், "வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் பாரு. அதுக்குள்ள ஒரு தடவை டிரிப்பர் விழுந்தாலும் பேன் குடோனுக்குப் போயிரும். பெறகு என்கிட்ட வரப்படாது" என்றார்.

எதை எப்போது நிறுத்துவது என்று ஆபீசில் எல்லாருக்கும் புரியவேண்டுமே. வாட் என்றும் ஆம்பியர் என்றும் பேசினால் யார் காதில் ஏறும்? சிவகாசியில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு அளவுகோல் இருக்கிறது. கழிவில் கிடந்த பட்டாசு லேபிள்களை அள்ளிவந்து சுவிட்சுகளில் ஒட்ட ஆரம்பித்தாள். ஏசிக்கு அணுகுண்டு. கலர் பிரிண்டருக்கும் காபி மிஷினுக்கும் சரவெடி. டி.வி.க்கும் அலமாரி விளக்குக்கும் பூச்சட்டி. கம்ப்யூட்டர் திரைக்குக் கம்பி மத்தாப்பு. போன் சார்ஜருக்குப் பாம்பு மாத்திரை. காவல் கேமராவுக்கு மட்டும் பழைய காலண்டரிலிருந்து ஒரு பிள்ளையாரை வெட்டி ஒட்டினாள், அதைத் தொடக்கூடாது என்று அர்த்தம். "ரெண்டு அணுகுண்டு சேந்து வெடிக்கப்படாது. நாற்காலியை விட்டு எந்திரிச்சா மத்தாப்பை அமத்திரணும். வேலை இல்லாத சரவெடி ஓடவே கூடாது" என்றாள்.

"அக்கா, கம்ப்யூட்டரை அமத்திப் போட்டா எந்திரிக்க நேரமாகும்" என்று முஹ்சின் முரண்டு பிடித்தான்.

"திரையை மட்டும் அமத்து. சோத்துக்குப் போகையில மொத்தமா அமத்து. இல்லன்னா சொல்லு, அடுத்த மயிலுக்கும் தோகை போகட்டும்."

முஹ்சின் அந்த மிரட்டலுக்கு மசிந்தான். தொழுகைக்குப் போகும்போது கணக்காக எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுப் போனான். மீன்களும் ஓய்வெடுத்தன.

பேன்கள் ஓடின. புதன், வியாழன் இரண்டு நாளும் டிரிப்பர் அசையவில்லை. ஷெட்டுச் சூடு தகரத்திலிருந்து கழன்று வெளியே போக, எதிர் ஜன்னல் வழியே காற்று உள்ளே வந்தது. அட்டையும் பறக்கவில்லை. பெண்கள் முந்தானையை உதறி உதறி விசிறுவதை மறந்துவிட்டு, பெட்டியில் கவனமானார்கள். வராந்தாவில் கிடந்த பெட்டிகளோடு புதுப் பெட்டிகளும் சேர்ந்து வெள்ளிக்கிழமை மத்தியானமே லாரி வாசலுக்கு வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்தா சூர்யபிரகாஷ் காரில் வந்து இறங்க வேண்டும்? பாதி லோடுதான் வந்தது என்று சடைத்துக்கொண்டு நேரிலேயே வந்துவிட்டார். அண்ணாச்சிக்குக் கை கால் ஓடவில்லை. பெரிய பார்ட்டி, ஆபீஸ் மங்கலாகக் கிடக்கிறது. அணுகுண்டாவது பூச்சட்டியாவது! தன் அறை ஏசியைப் போட்டார். அலமாரி விளக்குகளைப் போட்டார். டி.வி.யைப் போட்டார். "முஹ்சின், தம்பிக்குப் புது மயிலை கலர்ல எடுத்துக் காட்டுலே" என்று குரல் கொடுத்தார். காபி மிஷினும் கொதிக்க ஆரம்பித்தது. முஹ்சின் அறை ஏசி முன்பே ஓடிக்கொண்டிருந்தது.

ஷெட்டில் பேன் சத்தம் சற்றே இறங்கியது. டிரிப்பர் பெட்டி உம்மென்று உறும ஆரம்பித்தது. லாரிக்குப் பெட்டி எண்ண வந்து நின்ற யோகேஸ்வரியை இருபது பெண்களும் பார்த்தார்கள். "ஏ யோகேசு" என்றாள் வீரலட்சுமி.

யோகேஸ்வரி ஓடினாள். முஹ்சின் அறைக்குள் கையை நீட்டி அவன் ஏசியை நிறுத்தினாள். உறுமல் குறையவில்லை. பிரிண்டர் சூடேறிக்கொண்டிருந்தது, அது ஓட ஆரம்பித்தால் தீர்ந்தது. அண்ணாச்சி அறை வாசலில் போய் நின்றாள். உள்ளே சூர்யபிரகாஷ் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பார்ட்டிக்கு முன்னால் முதலாளி அறை ஏசியை எப்படி நிறுத்துவது? கரண்டு தாங்காது என்று எப்படிச் சொல்வது? கம்பெனி மானம் என்னாவது? வாயில் வந்ததைச் சொல்லிவிட்டாள்.

"அண்ணாச்சி, லோடு ஏறுது."

அண்ணாச்சி முகம் சிவந்தது. தடை போட்ட வார்த்தை, அதுவும் இந்த ஆள் முன்னால். ஆனால் சூர்யபிரகாஷ் முகம் மலர்ந்தது. "ஓ, ஏறுதா? நம்ம லோடுதானே?"

"ஆமா தம்பி" என்றாள் யோகேஸ்வரி. அதில் பொய்யில்லை. வாசலில் லாரியில் பெட்டி ஏறிக்கொண்டுதான் இருந்தது. பிறகு அண்ணாச்சியின் கண்ணையே பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக, "ரொம்ப வேகமா ஏறுது அண்ணாச்சி. இன்னும் கொஞ்ச நேரந்தான் தாங்கும்" என்றாள்.

அண்ணாச்சி அவளைப் பார்த்தார். தலைக்கு மேல் சீறிக்கொண்டிருந்த ஏசியைப் பார்த்தார். ஒரு தடவை வேறு லோடு என்று நினைத்துப் பட்ட பாடு அவருக்கு மறந்திருக்குமா? இந்த முறை லோடு அவருக்குச் சரியாக விளங்கியது.

சட்டென்று எழுந்தார். சுவிட்ச் போர்டுக்குப் போய்த் தடுமாறினார். அத்தனை வருஷத்தில் போடுவதற்கு மட்டுமே அந்தப் பலகையைத் தொட்டவர். அணுகுண்டு லேபிளைத் தேடிப் பிடித்து அமர்த்தினார். இரண்டு பூச்சட்டிகளையும் அமர்த்தினார். "ஏலே முஹ்சின், பிரிண்டரை அமத்துலே! மயிலைத் திரையில பாத்துக்கிடலாம்!"

"என்ன அண்ணாச்சி, சுவிட்சுல அணுகுண்டை ஒட்டியிருக்கீக?" என்று சூர்யபிரகாஷ் சிரித்தார்.

"வெடிச்சிரக் கூடாதுன்னுதான் தம்பி. வாங்க, லோடைப் பாத்துட்டு வருவோம்."

அவர்கள் ஷெட்டுக்குள் நுழைந்தபோது டிரிப்பரின் உறுமல் அடங்கியிருந்தது. பேன்கள் பழைய வேகத்தில் சுற்றின. வாசலில் லாரி, உள்ளே மளமளவென்று பெட்டிகள், தகரக் கூரைக்குக் கீழே நல்ல காற்று. சூர்யபிரகாஷ் நின்று அண்ணாந்து பார்த்தார். "எங்க பேக்கிங்ல கூட இம்புட்டுக் காத்து இல்லையே அண்ணாச்சி. அதான் வேலை இம்புட்டு வேகமா ஓடுதோ?"

"பின்ன?" என்றார் அண்ணாச்சி, பிறந்ததிலிருந்தே இதைத்தான் சொல்லிவருகிறவர் மாதிரி. "ஆபீசுல வெட்டியா ஓடுறதையெல்லாம் அமத்திப்போட்டு, அம்புட்டையும் இங்கன ஓட விட்டுட்டோம். ஆபீசு இருட்டா இருந்தா என்ன தம்பி, பெட்டி பளிச்சுன்னு இருந்தாப் போதாதா?"

வீரலட்சுமி வாயைப் பொத்திக்கொண்டாள். யோகேஸ்வரி தரையைப் பார்த்தாள்.

பார்ட்டி போன பிறகு அண்ணாச்சி ஷெட்டுக்குத் திரும்பி வந்தார். டிரிப்பர் பெட்டியை எட்டிப் பார்த்தார். "அந்தப் பொட்டு அழிஞ்சுபோயிருக்கு. நாளைக்குப் புதுசா வையுங்க" என்று பேனைக் காட்டிவிட்டுப் போனார்.

சாயங்காலம் வேலை முடிந்து எல்லாரும் கிளம்பினார்கள். யோகேஸ்வரி வழக்கம்போல ஒவ்வொரு அறையாகக் கையை நீட்டிக்கொண்டு போனாள். முஹ்சின் அறையில் மத்தாப்பு, அணுகுண்டு எல்லாம் நிறுத்தியாகிவிட்டது. அண்ணாச்சி அறையும் இருட்டு. கடைசியாக ஷெட்டுக்குப் போய் பேன் சுவிட்சுக்குக் கையைக் கொண்டுபோனாள். அங்கே ஏற்கெனவே இன்னொரு கை இருந்தது. பசை காய்ந்த கை.

"நான் அமத்திட்டேன்" என்றாள் வீரலட்சுமி. "ஒன் பங்குக்கும் சேத்து."